மீட்டர் 30 காட்டுச்சு, டீச்சருக்கு தூக்கம் மட்டும் வரல: நாகர்கோவில் அபார்ட்மெண்ட் ஒண்ணுல பண்ண சவுண்ட் அசெஸ்மென்ட்

நாகர்கோவில்ல வடசேரிக்கும் பார்வதிபுரத்துக்கும் நடுவுல, மெயின் ரோட்டுல இருந்து ஒரு சந்து உள்ள தள்ளி இருக்குற பில்டிங். கீழ கடைங்க, 1வது மாடில பாதி ஆடிட்டர் ஆபீஸ், மீதி பாதி பூட்டிக் கிடக்குற ஒரு வீடு (ஓனர் வெளிநாட்டுல, நம்ம மாவட்டத்துல இது புதுசா என்ன), 2வது மாடில ஒரு ரிட்டயர்டு டீச்சர் மகனோட இருக்காங்க, 3வது மாடில இன்னொரு குடும்பம், அதுக்கு மேல மொட்டை மாடி, டேங்க், தகர ஷீட்டு. இந்த ஒரே பில்டிங்ல இருந்து ரெண்டு புகார். டீச்சர் வீட்டுல ராத்திரி ஒரு "ம்ம்ம்"னு உறுமல், ஆபீஸ்ல கேபினுக்குள்ள பேசுறது வெளிய கேக்குது. ஆபீஸ் கதைய கடைசில சொல்றேன், அது சின்னது. டீச்சர் கேஸ்தான் முக்கியம், ஏன்னா எங்களுக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து மீட்டர் வச்சு அளந்து "எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு"ன்னு எழுதிக் குடுத்துட்டு போயிருக்காரு.

போன்ல பேசுறப்பவே டீச்சர் சொன்னது: "மேல உள்ளவிய ராத்திரி என்னவோ மிஷின் ஓட்டுகாவ சார், கேட்டா இல்லன்னு சாதிக்காவ." மேல் வீட்டுக்காரர் சொன்னது: "எங்க வீட்ல என்ன மிஷின் இருக்கு அண்ணாச்சி, நீங்களே வந்து பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் கதவ தெறப்பேன்." ரெண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தையே நின்னு போச்சு, ஓணத்துக்கு பாயாசம் குடுத்து விட்ட வீடுங்க. மகன் எங்கள தனியா கூப்பிட்டு "அம்மைக்கு வயசாயிட்டு, காதுக்குள்ளயே கேக்குதோ என்னவோ, எனக்கு ஒண்ணும் கேக்கல"ன்னாரு. ஒரு இன்டீரியர் கடைக்காரர் வந்து பெட்ரூம் சுவர் சீலிங் எல்லாத்துலயும் 50 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டி தாறேன்னு ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு கொட்டேஷன் குடுத்திருக்காரு, டீச்சர் பென்ஷன் பணத்த எடுக்க ரெடி. அதுக்கு முன்னாடி எங்கள கூப்பிட்டது நல்லதா போச்சு.

முதல்ல அந்த பழைய ரிப்போர்ட்ட பாத்தோம். ராத்திரி 11 மணிக்கு மேல பெட்ரூம் நடுவுல ஸ்டாண்டு போட்டு மீட்டர வச்சு 15 நிமிஷ சராசரி எடுத்திருக்காங்க. 30 டெசிபல் ஏ. பக்கத்துலயே 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள்ல உள்ள நம்பர் எழுதியிருக்கு, குடியிருப்பு பகுதிக்கு பகல்ல 55, ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் 45. 30 எங்க 45 எங்க, அதனால பிரச்சன இல்லன்னு முடிச்சாச்சு. பாக்க சரியாத்தான் இருக்கு, மீட்டரும் நல்ல மீட்டர்தான், கேலிபரேஷனும் இருந்திருக்கு. ஆனா அந்த லிமிட்டு வெளிப்புறத்துக்கு, அதாவது தெருவுல, ஏரியாவுல பொதுவா சத்தம் எவ்ளோ இருக்கலாம்னு சொல்ற நம்பர். அத கொண்டு வந்து மூடுன பெட்ரூமுக்குள்ள கட்டிலுக்கு பக்கத்துல வைக்கக் கூடாது. அது போக அந்த 30-ங்குற நம்பர் மூணு விதத்துல உறுமல மறைச்சிருக்கு, அத ஒவ்வொண்ணா சொல்றேன், ஏன்னா சவுண்ட் அளக்க வாற ஆள்கிட்ட நீங்க கேக்க வேண்டிய கேள்விங்களும் இதுக்குள்ளயே இருக்கு.

டீச்சர்கிட்ட நாங்க கேட்டது ஒரே ஒரு விஷயம், சத்தம் கேக்குற நேரத்த ஒரு வாரம் எழுதி வைங்கன்னு. வாத்தியார் வேலை பாத்தவங்கள்ட்ட இத சொன்னா எப்படி இருக்கும், ரூல் போட்ட நோட்டு, செவப்பு மையில மார்ஜின், தேதி வாரியா காலம், "மணி", "எவ்வளவு நேரம்", "குறிப்பு". 1.04, 1.10, 1.17, 1.23, 1.30. எல்லாமே ஆறு ஏழு நிமிஷ இடைவெளி. எவ்வளவு நேரம்னு உள்ள காலத்துல எல்லாத்துக்கும் "பத்து எண்ணுவதற்குள் நின்றுவிடும்". ஒரு நாள் குறிப்பு மட்டும் வேற மாதிரி: "காற்றில் லைன் போய்விட்டது. இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. சத்தமும் இல்லை." இந்த ஒரு பக்கத்துலயே பாதி வேல முடிஞ்சு போச்சு. கரண்ட்ல ஓடுற ஏதோ ஒண்ணு, மனுஷன் கை படாம தானா ஆன் ஆகி தானா நிக்குது. மேல் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க ஆறு நிமிஷத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு மிஷின் போட மாட்டாருல்ல.

இப்ப அந்த மறைச்ச விஷயம். பத்து பன்னெண்டு செகண்டு ஓடி ஆறரை நிமிஷம் சும்மா இருக்குற சத்தத்த 15 நிமிஷ சராசரில போட்டா அது மொத்த நேரத்துல 3 சதவீதம்தான், சராசரி அசையவே அசையாது. அது ஒண்ணு. ரெண்டாவது அந்த "ஏ". டெசிபல் ஏ-ங்குறது காதோட குணத்துக்கு ஏத்த மாதிரி தாழ்ந்த சத்தங்கள (மெதுவான சத்தம் இல்ல, உறுமல் மாதிரி கனத்த சத்தம்) கழிச்சு காட்டுற அளவு, 100 ஹெர்ட்ஸ்ல (ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு எத்தன அதிர்வுன்னு கணக்கு) 19 டெசிபல் கழிச்சிரும், 50 ஹெர்ட்ஸ்ல 30 டெசிபல் கழிச்சிரும். ரோட்டு சத்தம், பேச்சு, ஹாரன் இதுக்கெல்லாம் அது ஓகே. மோட்டார் உறுமலுக்கு அத மட்டும் நம்புனா அம்போ. நாங்க ராத்திரி ஒரு மணிக்கு மேல ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆஃப் பண்ணி, தலகாணி பக்கத்துல மைக் வச்சு, சத்தத்த பேண்டு பேண்டா, அதாவது ஹெர்ட்ஸ் வாரியா துண்டு துண்டா பிரிச்சு பாத்தோம். சத்தம் வர்ற அந்த பன்னெண்டு செகண்டுல 50 ஹெர்ட்ஸ் பேண்டுல 58 டெசிபல், 100 ஹெர்ட்ஸ் பேண்டுல 47. நின்னதும் 50 பேண்டு 37-க்கு இறங்குது. சாதாரண காதுக்கு 50 ஹெர்ட்ஸ் கேக்க ஆரம்பிக்கிறது 44 டெசிபல் கிட்ட, அப்ப 58-ங்குறது நல்லாவே கேக்குற சத்தம், அதுவும் தாழ்ந்த சத்தத்துல அந்த எல்லைய தாண்டிட்டா கொஞ்சம் கூடுனாலே ரொம்ப கூடுன மாதிரி இருக்கும். இதே நேரத்துல டெசிபல் ஏ எவ்ளோன்னு பாத்தா 34! நின்னதும் 30. சி-ன்னு இன்னொரு செட்டிங் மீட்டர்ல இருக்கும், அது தாழ்ந்த சத்தத்த அவ்ளோவா கழிக்காது, அதுல போட்டா 57. ஏ-க்கும் சி-க்கும் 20-க்கு மேல வித்தியாசம் வந்தா தாழ்ந்த சத்தம் நிறைய கலந்திருக்குன்னு அர்த்தம், பெருசா கருவி எதுவும் வேணாம், ஒரு பட்டன மாத்தி பாத்தா போதும், ஏன் பாக்க மாட்டேங்குறாங்கன்னுதான் தெரியல. (செல்போன் ஆப்ல இத முயற்சி பண்ணாதீங்க, போன் மைக் இந்த தாழ்ந்த சத்தத்த பாதிக்கு மேல விட்டுரும்.)

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. மகன் ரூம் நடுவுல நின்னு "எங்க கேக்குது, ஒண்ணும் இல்லயே"ங்காரு, டீச்சர் கட்டில்ல தலைய சாச்சு "இந்தா கேக்குல்லா"ங்காங்க, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரூம் நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். நம்ம ஊரு சூட்டுல சத்தம் செகண்டுக்கு 348 மீட்டர் கிட்ட போகும், அப்ப ரெண்டு சுவருக்கும் நடுவுல ஒரு அரை அலை சரியா பொருந்துற ஃப்ரீக்வென்சி 348-அ 7.32 ஆல வகுத்தா 47.5 ஹெர்ட்ஸ். நிமிஷத்துக்கு 2880 சுத்து சுத்துற சாதாரண மோட்டாரோட அடிப்படை அதிர்வு 48 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட ரெண்டும் ஒண்ணு. அப்படி பொருந்துனா சுவர் ஓரத்துல சத்தம் ஏறி நிக்கும், ரூம் நடுவுல அமுங்கிரும். கட்டில் தலைமாடு அந்த சுவர ஒட்டித்தான் கிடக்கு. நடுவுல மைக் வச்சு பாத்தோம், 50 பேண்டுல 46, சுவர் ஓரத்துல 58. மகன படுக்க சொன்னோம், படுத்தாரு, அடுத்த தடவ மோட்டார் ஓடுனப்ப எந்திரிச்சு உக்காந்து அம்மா மூஞ்சிய பாக்காம "ஆமா"ன்னாரு.

மேல் வீட்டுல ஏன் இவ்ளோ கேக்கலன்னா, அவங்க பெட்ரூமையும் பக்கத்து ஸ்டோரையும் உடைச்சு ஒண்ணாக்கியிருக்காங்க, நீளம் மாறிப் போச்சு, அந்த பைப்பும் இப்ப கட்டில விட்டு தூரத்துல, போதாததுக்கு ஏசி வேற.

பைப்புன்னு சொன்னேன்ல, அதுக்கு வர்றேன். டீச்சர் பெட்ரூம் சுவருக்கு பின்னால டக்ட்டு (பைப்புங்க மேல இருந்து கீழ போற சந்து), அதுல மொட்டை மாடில இருந்து இறங்குற தண்ணி லைன். மாடில டேங்குக்கு பக்கத்துல 1 எச்பி பிரஷர் பம்ப், ஷவர்ல தண்ணி நல்லா விழணும்னு அசோசியேஷன்ல போட்டது. அது ஓடுற நேரமும் டீச்சர் நோட்டு நேரமும் ஒத்துப் போகுதான்னு பாக்க, வாட்ச்மேன் அண்ணன மாடில நிக்க வச்சு போன்லயே "ஓடுது", "நின்னுட்டு"ன்னு சொல்ல சொன்னோம், செகண்டு சுத்தமா ஒத்துப் போச்சு. அப்புறம் பம்ப் ஸ்விட்ச ஆஃப் பண்ணோம், அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்ல. இந்த ஆன் ஆஃப் டெஸ்டு இல்லாம எந்த அசெஸ்மென்டையும் நான் ஒத்துக்க மாட்டேன், எவ்ளோ கிராப் போட்டு காட்டுனாலும் சரி.

ஆடி மாசம்ங்குறதால மாடில வெளி ரீடிங் எடுக்குறது வம்பா போச்சு. ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்து சும்மா விடாது, தகர ஷீட்டு தட தடன்னு அடிக்குது, செகண்டுக்கு 5 மீட்டருக்கு மேல காத்து அடிச்சா மைக்குக்கு பஞ்சு கவர் போட்டாலும் ரீடிங் நம்ப முடியாது. அதனால மாடில காத்துல வர்ற சத்தத்த விட்டுட்டு அதிர்வ மட்டும் அளந்தோம், பம்ப் காலடில, ஸ்லாப்ல, பைப்புல, டீச்சர் வீட்டு சுவர்ல. இதே போல கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயத்துலயோ, சுசீந்திரம் மார்கழி திருவிழா சமயத்துலயோ அந்தப் பக்கம் ரோட்டு சத்தம் அளந்து ரிப்போர்ட் எழுதுனா அதுக்கு அர்த்தமே இல்ல, நாள பாத்துதான் போகணும்.

பம்ப பாத்தா அதுக்கு அடில நாலு மூலைலயும் பழைய டயர் துண்டு. ப்ளம்பர் ஏற்கனவே "சத்தம் வராம இருக்க" வெட்டி வச்சிருக்காரு. நல்ல எண்ணம்தான். ஆனா ரப்பர் இருக்குங்குறது கணக்கு இல்ல, அது பாரத்துல எவ்ளோ அமுங்குதுங்குறதுதான் கணக்கு. டயர் துண்டு கெட்டி, 18 கிலோ பம்புக்கு 0.2 மில்லிமீட்டர் அமுங்குனா பெருசு, அப்ப அந்த செட்டோட இயற்கையான அதிர்வு (தட்டி விட்டா அது தானா ஆடுற வேகம்) 35 ஹெர்ட்ஸ் கிட்ட வரும், 48 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு இது ரொம்ப கிட்ட, அதிர்வு குறையுறதுக்கு பதிலா கொஞ்சம் கூடவே செய்யும். அதே 2 மில்லிமீட்டர் அமுங்குற மாதிரி மெத்து ரப்பர் போட்டா 11 ஹெர்ட்ஸ்க்கு இறங்கிரும், அப்ப கணக்குப்படி ஸ்லாப்புக்கு போற அதிர்வு பதினெட்டுல ஒரு பங்கு கிட்ட ஆயிரும். இது போக பைப்பு ஸ்லாப்புக்குள்ள நுழையுற இடத்துல சுத்தி சிமெண்ட் வச்சு இறுக்கியாச்சு, டக்ட்டுக்குள்ள இரும்பு கிளாம்ப் நேரா சுவர்ல அடிச்சாச்சு, அந்த கிளாம்ப்ல ஒண்ணு டீச்சர் தலைமாட்டுக்கு நேர் பின்னால. வீணைக்கு குதிரை எப்படியோ அப்படித்தான் அந்த கிளாம்ப், கம்பி அதிர்வ பலகைக்கு கடத்துற வேலைய பாக்குது, பலகைங்குறது இங்க அந்த முழு சுவர்.

இப்ப சொல்லுங்க, அந்த சுவர்ல 50 மில்லிமீட்டர் ஃபோம் ஒட்டுனா என்ன ஆகும். 48 ஹெர்ட்ஸோட ஒரு அலை நீளம் 7 மீட்டருக்கு மேல. அத ரெண்டு இஞ்ச் பஞ்சு ஒண்ணும் பண்ணாது. ஃபோம் ரூமுக்குள்ள எதிரொலிய குறைக்குற பொருள், ஸ்டுடியோவுல குரல் சுத்தமா வர போடுவாங்க, ஒரு பக்கத்து சத்தம் மறு பக்கம் போறத தடுக்க அதுக்கு எடையும் இல்ல, அடைப்பும் இல்ல. ஒண்ணே முக்கால் லட்சம் போயிருக்கும், உறுமல் அப்படியே இருந்திருக்கும், டீச்சருக்கு அப்புறம் உண்மையிலயே பிரமைன்னு பேர் வந்திருக்கும்.

சரி பம்ப் ஏன் ராத்திரி ஓடுது, எல்லாரும் தூங்குறப்ப யாரு தண்ணி தெறக்கா? ஒவ்வொரு வீட்டு வால்வையும் ஒண்ணொண்ணா அடைச்சு பாத்தோம். 1வது மாடில அந்த பூட்டுன வீட்டு லைன அடைச்சதும் பம்ப் நின்னது நின்னதுதான். சாவி ஓனரோட மச்சான்கிட்ட, அவரு கருங்கல்ல, வந்து தெறக்க ஒரு வாரம் ஆச்சு. உள்ள போனா பாத்ரூம் ஃபிளஷ் டேங்க்ல வாஷர் போயி தண்ணி நூலா வடிஞ்சிட்டே இருக்கு, எத்தன மாசமோ. இது மட்டும்னா கூட பம்ப் எப்பயாவதுதான் ஓடும், பம்போட இருக்குற சின்ன பிரஷர் டேங்க்ல காத்து சுத்தமா இறங்கிப் போச்சு, அதனால கொஞ்சம் தண்ணி வடிஞ்சாலே பிரஷர் விழுந்து பம்ப் ஆன் ஆகுது. அந்த டேங்க்ல காத்து அடிக்குற வால்வு நம்ம மோட்டார் பைக் டயர்ல இருக்குற அதே மாதிரி வால்வுதான், வருஷத்துக்கு ரெண்டு தடவ பாத்தா போதும், யாரும் பாக்குறதில்ல.

அசோசியேஷன் கூட்டத்துல நான் முதல்ல சொன்னது ராத்திரி 11-ல இருந்து 5 வரைக்கும் பம்புக்கு டைமர் போடுங்க, பம்புக்குள்ள போகாம சுத்திப் போற பைபாஸ் லைன் ஒண்ணு வைங்க, தண்ணி தானா இறங்கும், கொஞ்சம் மெல்ல விழும் அவ்ளோதான்னு. இதுதான் சீப். மேல் வீட்டுக்காரர் ஒத்துக்கல, அவரு திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஓட்டுறவரு, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து குளிக்கணும், 3வது மாடில டேங்குக்கும் ஷவருக்கும் உயரமே இல்ல, சொட்டு சொட்டாதான் விழும். நியாயமான பேச்சு. அதனால மத்த வேலைங்க எல்லாம் பண்ணோம்: ஃபிளஷ் வாஷர், டேங்க்ல காத்து, பம்புக்கு அடில 2 அடிக்கு ஒன்றரை அடி, மூன்றரை இஞ்ச் கனத்துல ஒரு காங்கிரீட் பலகை வார்த்து (60 கிலோ கிட்ட வரும், எடை கூடுனாத்தான் மெத்து ரப்பர் ஆடாம நிக்கும்) அதுக்கு அடில நாலு ரப்பர் மவுண்ட், பம்புக்கு ரெண்டு பக்கமும் பைப்புக்கு பதிலா வளையுற ஹோஸ், ஸ்லாப் ஓட்டைல சிமெண்ட கொத்தி எடுத்துட்டு மெத்து சீலன்ட், டக்ட்டுக்குள்ள ரப்பர் வச்ச கிளாம்ப். நம்ம மாவட்டத்துல ரப்பருக்கு பஞ்சமில்ல, குலசேகரம் பக்கம் போனா தோட்டம் தோட்டமா நிக்கும், ஆனா சரியான மெத்து உள்ள மவுண்ட் கிடைக்கத்தான் அலைய வேண்டியிருந்துச்சு, கடைக்காரங்க எல்லாம் "இது நல்ல ஸ்ட்ராங் சார்"ன்னு கெட்டியானதையே எடுத்து நீட்டுறாங்க. கொத்தனார் கூலி சேத்து மொத்தமா இருபத்தஞ்சாயிரத்துக்குள்ள முடிஞ்சுது.

வேல முடிஞ்சு அதே தலகாணி, அதே நேரம், பம்ப வேணும்னே ஓட விட்டு அளந்தோம். 50 பேண்டு 58-ல இருந்து 40, 100 பேண்டு 47-ல இருந்து 29. டெசிபல் ஏ 34-ல இருந்து 30. வெறும் ஏ நம்பர மட்டும் ரிப்போர்ட்ல போட்டா நாலு டெசிபல் குறைக்க இவ்ளோ வேலையான்னு யாராவது கேப்பாங்க, அதனால பேண்டு கிராப்ப முதல் பக்கத்துலயே வச்சோம். டீச்சர் ஹால் ஜன்னலுக்கும் டபுள் கிளாஸ் போடலாமான்னு கேட்டாங்க, பஸ் ஹாரன் வருதுன்னு. இப்ப இருக்குற ஸ்லைடிங் ஜன்னல்ல பிரஷ் தேஞ்சு வெளிச்சம் தெரியுற அளவுக்கு இடைவெளி, முதல்ல அத மாத்துங்க, கண்ணாடி அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டோம்.

இனி ஆபீஸ். கேபினுக்குள்ள ஒரு கிளையண்டோட வருமானத்த பத்தி ஆடிட்டர் பேசுறது ரிசப்ஷன்ல உக்காந்திருக்க அடுத்த கிளையண்டுக்கு கேக்குது, இதவிட வேற என்ன வேணும். சுவர் 4 இஞ்ச் சிமெண்ட் பிளாக், ரெண்டு பக்கமும் பூச்சு, நல்ல சுவர். ஆனா ஃபால்ஸ் சீலிங் வரைக்கும்தான் கட்டியிருக்கு, அதுக்கு மேல ரெண்டு அடி திறந்து கிடக்கு, சத்தம் டைல்ஸ் வழியா ஏறி அந்தப் பக்கம் இறங்குது. கேபினுக்குள்ள ஸ்பீக்கர்ல "ஸ்ஸ்ஸ்"னு சத்தம் விட்டு உள்ள 92, வெளிய 70, வெறும் 22 டெசிபல்தான் தடுக்குது. சுவர ஸ்லாப் வரைக்கும் ஏத்தி, ஏசி பைப் ஓட்டைய அடைச்சதும் 27 ஆச்சு. அதுக்கு மேல ஏறாது, ஏன்னா இப்ப கதவு. லேசான ப்ளைவுட் கதவு, கீழ ஒரு விரக்கட இடைவெளி. சுவர் பரப்புல நூறுல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே மீதி சுவர் எவ்ளோ நல்லா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல தடுக்காது, கதவுக்கு கீழ உள்ள இடைவெளி அதுல எட்டுல ஒரு பங்குதான், ஆனாலும் 30-அ தொட விடாது. கெட்டி கதவு, சுத்தி கேஸ்கெட், கீழ தானா இறங்குற சீல் போட்டா 33, 34 வரும்னு எழுதிக் குடுத்தோம்.

இன்னொன்னும் சொன்னோம், ஆடிட்டருக்கு அது பிடிக்கல. பழைய விண்டோ ஏசிய எடுத்துட்டு சத்தமே இல்லாத இன்வெர்ட்டர் ஏசி போட்டதுக்கு அப்புறம்தான் இந்த புகாரே வந்திருக்கு. ரிசப்ஷன்ல இப்ப 33 டெசிபல் ஏ, அவ்ளோ அமைதில பக்கத்து ரூம் முணுமுணுப்பு கூட புரியும். ஒரே சீரா 40-ல இருந்து 45 வரைக்கும் ஒரு மெல்லிய சத்தம் ரிசப்ஷன்ல இருந்தா பேச்சு கேக்கும், வார்த்த புரியாது. "காசு குடுத்து சத்தத்த குறைக்க கூப்பிட்டா நீங்க சத்தத்த கூட்ட சொல்லுகீங்களே"ன்னு சிரிச்சாரு. கதவு வேல ஜூலை ரிட்டர்ன் சீசன் முடியட்டும்னு தள்ளிக்கிட்டே போகுது, அதனால அந்த கடைசி ரீடிங் இன்னும் எடுக்கல. பம்ப் செலவுல பூட்டுன வீட்டுக்காரர் பங்கு எவ்ளோன்னு அசோசியேஷன்ல பேச்சு ஓடிட்டு இருக்கு, வாஷர் மாத்துன எண்பது ரூவா மட்டும்தான் என் பொறுப்புன்னு அவரு வாட்சப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்காரு.